நல்ல தண்ணி காட்டிய எஞ்சின்

எங்கள் நாலு சில்லு காலையில் ஸ்டார்ட் ஆகாது. மத்தியானம் ஆகும். வெயில் ஏறி, கடற்கரை வெறுமையாகி, அதற்கு ஒரு வேலையும் இல்லாத நேரத்தில் பொத்தானை அமத்தினால் நல்ல பிள்ளையாக உறுமும். விடிய, போட் மீனோடு வந்து அலைவாயில் நிற்கும்போது அதே பொத்தானை அமத்தினால் கிர், கிர், கிர் என்று வெறும் சுற்றுத்தான். அந்த ஆண்டு தென்மேற்குக் காற்று அடிக்கிற சோளகம் முழுக்க என் காலைகள் இந்தக் கிர் சத்தத்தோடுதான் தொடங்கின.

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி மணலில் ஓடவிட்ட வண்டி அது. மோட்டார் சைக்கிள் எஞ்சின், நான்கு தடித்த ரயர், ஆசனத்துக்குக் கீழே காற்றுப் பெட்டி. விடுதியை மூடியபோது பழைய கதிரை மேசைகளோடு இதுவும் வெளியே வந்தது. அத்தான்தான், அதாவது அக்காவின் கணவர், அதை எங்கள் ஊர் சாம்பல்தீவுக்குக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தார். அதற்கு ஊரில் சரியான பெயர் இல்லை. நாலு சக்கரம் இருந்ததால் நாலு சில்லு என்றார்கள். அப்படியே நின்றுவிட்டது.

அதை வாங்கினதற்குக் காரணம் அப்பாவின் வயிறு. முப்பது வருசம் போட் இழுத்த வயிறு. ஒரு பக்கம் குடல் இறங்கி, திருகோணமலை ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்துவிட்டார்கள். இனி இழுக்கவோ தள்ளவோ தூக்கவோ கூடாது, அப்படிச் செய்தால் தைத்த இடமும் விடும், மற்றப் பக்கமும் விடும் என்று டொக்டர் சொன்னார். அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டினார். வெளியே வந்ததும் அம்மாவிடம், "டொக்டருக்கு என்ன, அவர் போட்டை ஆஸ்பத்திரிக்குள்ளயே கட்டி வச்சிருக்கிறார்?" என்றார்.

அப்பா கடலுக்குப் போவதை விட்டார். அத்தானும் இன்னொருவரும் போனார்கள். பின்னேரம் போட்டைத் தள்ளி இறக்குவதும், விடிய வந்ததும் இழுத்து ஏற்றுவதும் நாலு சில்லின் வேலை. அது வேலை செய்தால் அப்பா கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அது வேலை செய்யாவிட்டால் கயிற்றைப் பிடிப்பார். பிடிக்க வேண்டாம் என்று சொல்ல அம்மாவாலும் ஏலாது, ஆண்டவனாலும் ஏலாது. முதல் தடவை அப்படிப் பிடித்த அன்று, இழுத்து முடிந்த பிறகு அவர் மணலில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தார். வயிற்றின் மேல் கை. முகம் சாம்பல் நிறம். "ஒண்டுமில்லை, காத்து" என்றார். அன்றிலிருந்து எனக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆவது என்பது வேறு விசயமாகிவிட்டது.

ஏன் எனக்கு என்றால், எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்தேன். நான்கடிப்பு எஞ்சினைப் படம் கீறி, அம்புக்குறி போட்டு, பெயர் குறித்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு நல்ல புள்ளியும் கிடைத்தது. உண்மையான எஞ்சின் ஒன்றை அதுவரை திறந்ததில்லை. வீட்டில் யாருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. பிறகு கம்பசில் பட்டம் எடுத்து, நகரத்தில் ஒரு அலுவலகத்தில் பயிலுனராகச் சேர்ந்து, காலை ஏழேகால் பஸ்ஸில் போய் இருட்டின பிறகு திரும்பி வருகிற ஆள் ஆனேன். அதனால் என்ன? படித்தவன் வீட்டில் இருக்கும்போது வண்டியை வெளியே பழுதுபார்க்கக் கொண்டுபோவார்களா?

"எஞ்சினியர் ஐயா எழும்பிட்டாரோ?" என்று அத்தான் போட்டடியிலிருந்தே கத்துவார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, அலைக்குப் போட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு அந்த நேரத்திலும் பகிடி வரும்.

"எழும்பிட்டன். இது எழும்புதில்லை."

"கம்பசில என்னத்தையடா மச்சான் படிப்பிச்சவங்கள்? கதை சொல்லியாவது எழுப்பு!"

பக்கத்துப் போட்டுக்காரர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கை கொடுப்பார்கள். அப்பா வருவதற்குள் இழுத்துவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுவார்கள். அப்பா எப்போதும் வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எனக்கு நேரம் கிடைத்தது. பூவரச மர நிழலில் சாக்கை விரித்து வேலை செய்வேன். முதலில் பிளக்கை மாற்றினேன். பிறகு தாங்கியிலிருந்த பெற்றோலை முழுக்க இறக்கிப் புதிதாக ஊற்றினேன். பற்றரியை அத்தானின் மோட்டார் சைக்கிள் பற்றரியோடு மாற்றிப் பார்த்தேன். காபரேற்றரைக் கழற்றி, போனில் வீடியோவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, பல்லுத் தூரிகையின் ஒரு மயிரை நுழைத்து அந்தச் சின்னத் துவாரத்தைச் சுத்தம் செய்தேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஒவ்வொரு தடவையும் பூட்டி முடித்து அமத்தினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பா. திங்கட்கிழமை காலையில், கிர், கிர், கிர்.

நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்போடு அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டினேன். மேசைக்கு மேல் கையை வைக்க வெட்கமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கண் தானாக மூடும். உறக்கத்திலும் ஒரு துவாரத்தை ஊதிக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் நகரத்தில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிற நானாவிடம் கேட்டேன். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன். காபரேற்றரை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இதை இவ்வளவு கழுவித் துடைச்சு வச்சிருக்கிறீங்க, இதில சோறு போட்டுத் திங்கலாம். வண்டி எங்க ஓடுது?"

"கடற்கரையில, நானா."

"அப்ப வேற காரணம் தேடாதீங்க. உப்பு. கடலுக்குப் பக்கத்தில நிக்கிற எந்த எஞ்சினும் உப்பாலதான் மௌத்தாகும்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். அப்பா தலையை ஆட்டினார். நாங்கள் சொல்லாத ஒன்றைக் கடைசியில் யாரோ சொல்லிவிட்டதுபோல ஒரு திருப்தி அவர் முகத்தில். "நான் அப்பவே நினைச்சனான். நல்ல தண்ணி ஊத்தினது காணாது" என்றார்.

இந்த நல்ல தண்ணி விசயத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். கடலுக்குப் போய் வந்த எதுவும் எங்கள் வீட்டு வளவுக்குள் நல்ல தண்ணி படாமல் கிடக்காது. வலை, கயிறு, மீன்பெட்டி, எங்கள் கால்கள் எல்லாம் கிணற்றுத் தண்ணியில் அலசப்படும். போட் எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து, தண்ணி நிறைந்த தகரப் பரலுக்குள் அதன் வாலை இறக்கி, கொஞ்ச நேரம் ஓடவிடுவோம். உள்ளே போன கடல் தண்ணியை நல்ல தண்ணி துரத்திவிடும். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுபோல எஞ்சினுக்கு நல்ல தண்ணி காட்டுகிறது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வோம். நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிட்டோம். நாலு சில்லும் பின்னேரம் போட்டைத் தள்ள அலைக்குள் இறங்குகிறதுதானே? அதுவும் கடலுக்குப் போகிற ஒன்றுதான்.

அப்பா அதைக் கழுவினார். போட் போன பிறகு அவருக்குக் கரையில் மிஞ்சியிருந்த ஒரே வேலை அது. வாளி தூக்கக்கூடாது என்பதால் அம்மா ஒரு சின்னப் பெயின்ற் வாளியைக் கொடுத்திருந்தா. அதிலும் பாதிதான் நிரப்பலாம். கிணற்றடிக்கும் மரத்தடிக்குமாக எத்தனையோ நடை நடந்து, வண்டி சூடு ஆறுவதற்குள் ஊற்றி முடிப்பார். ஆறினால் உப்பு காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. பிறகு விரலால் சில்லுக்கு மேலுள்ள மட்காட்டைத் தடவி நாக்கில் வைத்துப் பார்ப்பார். உப்புக் கரித்தால் இன்னும் ஒரு வாளி. நாக்குச் சரியென்று சொல்லும்வரை விடமாட்டார்.

நானா சொன்னதைக் கேட்ட பிறகு இரண்டு மடங்காக ஊற்றினார்.

வண்டி இரண்டு மடங்காக அடம்பிடித்தது.

ஐப்பசி பிறந்து, காற்று எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறும் நாட்கள் வந்தன. வாடை திரும்பினால் கடல் வளவு வேலிவரைக்கும் ஏறும். அதற்கு முன் போட்டை மேட்டுக்கு ஏற்றிவிட வேண்டும். வழக்கமாக இழுக்கிற தூரம் இல்லை அது. இளகின மணலில் நீளமான ஏற்றம், பத்துப் பேர் மூச்சுப் பிடிக்கிற வேலை. அம்மா ஒரு காலை தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுப் போகாமல் நின்றா. "தம்பி, இந்த முறை அவர் கயிறு பிடிச்சாரெண்டால் நான் கரைக்கு வரமாட்டன். என்னால பார்க்க ஏலாது" என்றா. அவ்வளவுதான் சொன்னா.

அந்தக் கிழமையில் அப்பாவுக்குக் கிளினிக் இருந்தது. முதல் நாள் டொக்டர், அடுத்த நாள் ஸ்கான். அலைச்சல் வேண்டாமென்று நகரத்துப் பக்கம் பாலையூற்றில் மாமி வீட்டில் இரண்டு இரவும் தங்கிக்கொண்டார்.

அவர் போன மறுநாள் காலை நான் பொத்தானை அமத்தினேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. அணைத்துவிட்டு மறுபடி அமத்தினேன். மறுபடியும். அத்தான் தண்ணீருக்குள்ளிருந்து கையைத் தட்டினார். அடுத்த நாளும் அப்படியே. போட் மேலே வந்து நின்றதும் அத்தான் மூச்சு வாங்கியபடி சொன்னார்:

"மச்சான், கோவிக்காத, ஒண்டு சொல்லட்டே? மாமாவுக்கும் இதுக்கும் பொருத்தமில்லை. சாதகம் பார்க்காமல் வாங்கிட்டம். ஆள் இல்லாட்டி என்ன சந்தோசமா எழும்புது பார்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் போகும்போதும் அது மனதுக்குள் ஓடியது. அப்பா திரும்பி வந்தார். அன்று பின்னேரம் போட் இறங்கியது. மறுநாள் விடிய, கிர், கிர், கிர். அத்தான் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று பக்கத்துப் போட்டுக்காரர் ஒருவர் அவர் கையிலிருந்து கயிற்றைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் உறைத்தது: அப்பா இல்லாத இரண்டு நாளும் நாலு சில்லை யாரும் கழுவவில்லை. அத்தான் கடலில், நான் பஸ்ஸில். இவ்வளவு சின்ன விசயம். வேலை செய்கிற கையை நாள்தோறும் கண்ணால் கண்டுகொண்டிருந்தும், அது எஞ்சினோடு சம்பந்தப்பட்ட ஒன்றாக என் தலைக்குள் ஏறவே இல்லை. கழுவுவது என்பது விடிவதைப்போல, பொழுதுபடுவதைப்போல ஒன்று. அதை யார் சந்தேகப்படுவார்கள்?

ஞாயிறு மத்தியானம் அப்பா உறங்கினதும் மரத்தடிக்குப் போனேன். பிளக்கைக் கழற்றி, வயரின் தொப்பிக்குள் செருகி, எஞ்சின் இரும்பில் அணைத்து வைத்து பொத்தானை அமத்தினேன். நீலப் பொறி, பளிச்சென்று. பிறகு ஒரு பேணி தண்ணீர் கொண்டுவந்து, தாங்கிக்குக் கீழே இருந்து பொறிக்கு மின்சாரம் கொடுக்கிற கொயில் மேலும் பிளக் தொப்பி மேலும் ஊற்றினேன். மறுபடி அமத்தினேன். பொறி இல்லை. கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தொப்பியில் தலைமயிர் அளவில் ஒரு வெடிப்புத் தெரிந்தது. தண்ணீர் அதற்குள் போய் இரவு முழுக்கக் குந்தியிருக்கும். மத்தியான வெயிலில் காயும். நான் ஞாயிறு மத்தியானங்களில் மட்டும் சோதித்தால் எப்படிப் பிடிபடும்?

எண்ணெய் பார்க்கிற கம்பியையும் இழுத்துப் பார்த்தேன். கறுப்பாக வரவேண்டியது பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சூடான எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற ஊற்ற, எண்ணெய் மூடியின் தேய்ந்துபோன றப்பர் வழியாக அது உள்ளேயும் குடித்திருக்கிறது. இப்படியே விட்டால் பொறி மட்டுமல்ல, எஞ்சினே போய்விடும்.

காரணம் கிடைத்ததில் எனக்குச் சந்தோசம் வரவில்லை. சாக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாலு சில்லு ஓடாவிட்டால் அப்பா கயிறு பிடிப்பார். நாலு சில்லு ஓட வேண்டுமென்றால் அப்பாவின் கையிலிருந்து அந்தப் பெயின்ற் வாளியை வாங்க வேண்டும். போட்டை ஏற்கெனவே அவரிடமிருந்து வாங்கியாயிற்று. கடலை வாங்கியாயிற்று. இனி இது.

பின்னேரம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல நினைத்து, சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். கொயில், தொப்பி, வெடிப்பு, எண்ணெய் நிறம். அவர் வாளியோடு நின்று கேட்டார்.

"அப்ப நான்தான் அதைப் பழுதாக்கினனான் எண்டுறாய்."

"இல்லையப்பா. தண்ணிதான்."

"தண்ணி தானா நடந்து வந்ததே?"

நான் தொப்பியைக் கழற்றி வெடிப்பை அவருக்குக் காட்டினேன்.

"சரி. கழுவாமல் விட்டால்? உப்பு உன்னை மாதிரி பஸ்ஸுக்குப் போயிடுமே? இருந்து திங்கும், தம்பி. இரும்பைத் திங்கும், வயரைத் திங்கும். போட் எஞ்சினுக்கு இவ்வளவு காலம் தண்ணி காட்டினனான், ஒண்டாவது செத்ததே?"

"அது தண்ணிக்குள்ள ஓடச் செய்த எஞ்சின், அப்பா. இது காத்தில ஆறுற எஞ்சின்."

அவர் வாளியைக் குனிந்து பார்த்தார். பிறகு அந்தத் தண்ணீரை வீணாக்காமல் பூவரசின் அடியில் ஊற்றினார். வாளியைக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அம்மா என்னைப் பார்த்தா, நான் கோப்பையைப் பார்த்தேன்.

பால் நிற எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றினேன். புதுத் தொப்பி கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் ரியூபை வெட்டி வெடிப்பின் மேல் இறுக்கிச் சுற்றினேன். அதன் பிறகு வந்த காலைகளில் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது. அப்பா கரைக்கே வரவில்லை. நாங்கள் விரும்பியதும் அதுதானே? ஆனாலும் போட் மேலே வந்த பிறகு அத்தான் ஒவ்வொரு நாளும் வளவுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார். பகிடியும் குறைந்துவிட்டது.

வாடை ஒரே காலையில் திரும்பியது. அன்று நான் லீவு. தூறல், வடக்கே கறுப்பு, அலை வந்து அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஊரே கரையில் நின்றது. எல்லோருக்கும் தங்கள் தங்கள் போட் இருந்ததால் யாருக்கும் யாரையும் உதவிக்குக் கூப்பிட நேரமில்லை. எங்கள் போட்டில் கயிற்றைக் கட்டி, மறு நுனியை நாலு சில்லில் கொளுவி, நான் ஏறி உட்கார்ந்தேன். அடியில் உருட்டுத்தடி வைக்க அத்தானும் அவரோடு கடலுக்குப் போகிறவரும். வண்டி இழுத்தது. ரயர் மணலை வாரி எறிந்தது. பாதி ஏற்றத்தில் மணல் இளகி, வண்டி முக்கி, எஞ்சின் நின்றுவிட்டது.

போட் பின்னோக்கி ஒரு தடி அளவு சறுக்கியது. அத்தான் தோளைக் கொடுத்தார். அப்போதுதான் கண்டேன், அப்பா அங்கே நின்றார். எப்போது வந்தாரென்று தெரியாது. சாரத்தை மடித்துக் கட்டி, போட்டின் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, காலை மணலில் ஊன்றிவிட்டார்.

"அப்பா, கையை எடுங்கோ!"

"நீ உன்ர வேலையைப் பார்!"

அமத்தினேன். கிர், கிர். மழை தாங்கியில் வழிந்துகொண்டிருந்தது. ரியூபுத் துண்டைக் கையால் பொத்திக்கொண்டு மறுபடி அமத்தினேன். கிர், கிர், பிறகு ஒரு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. அத்தான், "மாமா, எடுங்கோ கையை, எழும்பிட்டுது!" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை எடுக்கவில்லை. ஆனால் ஊன்றியிருந்த கால் நிமிர்ந்துவிட்டது. போட் அசைய, அதன் விளிம்பில் உள்ளங்கையை மட்டும் வைத்துக்கொண்டு, மாட்டின் முதுகைத் தொட்டுக்கொண்டு நடப்பதுபோல, மேடுவரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

போட் வேலிக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. நான் எஞ்சினை அணைத்தேன். அப்பா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும், "ஒண்டுமில்லை. உண்மையாத்தான்" என்றார்.

மழை விட்ட பின்னேரம், நாலு சில்லைக் கொட்டிலுக்குள் தள்ளி வைத்திருந்தேன். அப்பா தன் பழைய சாரத்தைக் கிழித்த துணியோடு வந்தார். கையில் வாளி இல்லை.

"எங்கெங்க தண்ணி படக்கூடாது, காட்டு."

காட்டினேன். இங்கே, இங்கே, இந்தக் குழாயின் வாய், இந்த மூடி. அவர் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு மனதில் வைத்துக்கொண்டார். துணியை ஈரமாக்கி, நன்றாகப் பிழிந்து, மட்காட்டிலிருந்து தொடங்கினார். கழுவுவதற்கு எடுத்த நேரத்தைவிட இது இன்னும் நேரமெடுக்கிற வேலை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எண்ணெயை மறுபடி பார்க்க வேண்டும், அது மறுபடி வெளுத்திருக்கும் என்று தெரியும். அந்த றப்பர் எங்கே கிடைக்குமோ. அடுத்த சோளகத்துக்கு இந்த எஞ்சின் தாங்குமோ. நாளைக்கு ஏழேகால் பஸ்.

அப்பா விரலால் மட்காட்டைத் தடவி நாக்கில் வைத்தார்.

"இருக்கு இன்னும்" என்று சொல்லிவிட்டுத் துணியை மறுபடி பிழிந்தார்.